வால்வு வாத்தியத்துக்கு மின்சாரம் ஊட்டுதல்

தம்பூராவின் தந்தி சற்றே தளர்ந்தால், வித்துவான் பிருடையைத் திருகிச் சுருதியை மீட்டுக்கொள்கிறார். தந்தியை இழுத்துப் பிடித்து நிற்பது பிருடையே யாதலால், அஃது உறுதியாக நிற்குமளவும் ஸட்ஜமும் நிற்கும். தந்தியுமின்றி, துளையுமின்றி, வெற்றிடக் குழாய்களாகிய வால்வுகளைக் கொண்டே நாதத்தைப் பிறப்பிக்கும் மின்வாத்தியம் ஒன்று உண்டு. ஸிந்தஸைஸர் என்று பெயர் பெற்ற அவ்வாத்தியத்துக்குப் பிருடை எது? முகப்பிலே திருகுகள் பல காணப்படும். எனினும் உண்மையில் சுருதியைத் தாங்கி நிற்பது, பெட்டியின் பின்மூலையில் எவரும் ஏறிட்டுப் பாராத பவர் ஸப்ளை என்னும் மின்வழங்கியே. அதனை வீட்டில் அமைக்க விரும்பும் மாணாக்கர் அறிந்துகொள்ள வேண்டுவனவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

வால்வு வாத்தியம் நம் நாட்டுச் செவிகளுக்கு முற்றிலும் புதிய தன்று. 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் ஹிந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஒலி நாடெங்கும் பரவிற்று. அது மகுடியில் எழுந்த ஒலி யன்று. பிரான்ஸ் தேசத்துக் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் 1947-ல் அமைத்த கிளேவியோலின் என்னும் வால்வு வாத்தியத்தைக் கல்யாண்ஜி வாசித்து எழுப்பியதாகும். அவ்வாத்தியம் இரு கூறாக அமைந்தது: வாசிப்பவர் முன்னே சிறு கட்டைப் பலகை ஒன்று, ஒலிபெருக்கியும் மின்வழங்கியும் அடங்கிய பெட்டி தனியே. கனத்த டிரான்ஸ்பார்மரை நாதம் பிறக்கும் இடத்தினின்று விலக்கி வைத்த அவ்வேற்பாட்டை, வீட்டில் செய்வோரும் பின்பற்றுதல் நலம். வீட்டிலேயே ஒருவர் தனியாக இத்தகைய வாத்தியத்தைச் செய்ய இயலுமோ என்று ஐயுறுவார்க்குக் கனடா தேசத்து ஹியூ லெ கேன் என்னும் விஞ்ஞானி சான்றாவார். அவர் 1945-ல் தொடங்கி 1948-க்குள் எலெக்ட்ரானிக் ஸாக்பட் என்னும் வாத்தியத்தை வால்வுகளால் ஆக்கினார். அதில் சுருதியை நிர்ணயிப்பது ஒரு மின்னழுத்தமே. வோல்ட் ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும்.

இங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது. சுருதி மின்னழுத்தத்தைப் பின்பற்றுமாயின், வாத்தியத்துக்கு வரும் மின்சாரம் தானாகவே ஏறி இறங்கும்போது சுருதியும் அதனோடு அலையுமன்றோ? சுருதி அழுத்தத்துக்கு நேர்விகிதமாக மாறும் அமைப்பிலே, நூற்றுக்குப் பத்துப் பங்கு அழுத்தம் உயர்ந்தால், ஸட்ஜம் சுத்த ரிஷபத்தைக் கடந்து சதுச்ருதி ரிஷபத்தை நெருங்கிவிடும். நல்ல அமைப்புக்களில் மாறுதல் இதனினும் மிகக் குறைவே. ஆயினும் தம்பூரா நாதத்திற் பழகிய செவி அதில் சிறு பின்னத்தையும் பொறாது.

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் போன்ற ஊரில் இவ்வாத்தியத்தைச் செய்பவனுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் 1932-ல் மலையிறங்கிய பின்னரே கோயமுத்தூர்ச் சீமையின் யந்திரத் தொழில்கள் விரைந்து பெருகின. அதே மின்சாரக் கம்பியில் இன்று பின்னல் யந்திரங்களும், தையல் யந்திரங்களும், சாயமிடும் ஆலைகளின் பம்புகளும் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. ஒரு பெரிய மோட்டார் புறப்படும் கணத்தில் அண்டை வீட்டு விளக்கு மங்குவதை யாவரும் கண்டிருப்பர். அன்றியும், தற்காலப் பின்னல் யந்திரங்களின் வேகத்தை அடக்கியாளும் மின்னணுக் கருவிகள், மின்சார அலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துண்டித்துத் துண்டித்துச் செலுத்துவன. அத்துண்டங்களின் இரைச்சல் கம்பி வழியே வீட்டுக்குள்ளும் வந்து சேரும். மின்சாரம் நின்றபோது இன்வெர்ட்டரை நாடலாமெனின் அதிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 230 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு. இயற்கையான அலையின் உச்சி ஏறத்தாழ 325 வோல்ட். மலிவான இன்வெர்ட்டர்களில் சில தரும் சதுர அலைக்கோ உச்சியும் சராசரியும் ஒன்றே. வால்வின் சூட்டிழை சராசரியைப் பின்பற்றும். உயர் அழுத்தமோ உச்சியைப் பின்பற்றும். ஆதலால் சதுர அலையில் சூட்டிழை சரியாக எரிய, உயர் அழுத்தம் மட்டும் ஏழில் இரண்டு பங்கு வீழ்ந்துவிடும். அந்நிலையில் கீழே கூறப்போகும் சுருதிக் காவலும் பயன்படாது.

நிற்க. மின்வழங்கி செய்யவேண்டிய தொண்டு இரண்டு. வால்வின் உள்ளே கேதோடைச் சூடேற்றும் ஹீட்டர் என்னும் சூட்டிழைக்குத் தாழ்ந்த அழுத்தமும் மிகுந்த ஓட்டமும் வேண்டும். பிளேட் என்னும் தகட்டுக்கோ உயர்ந்த அழுத்தமும் சிறிய ஓட்டமும் வேண்டும். அதுவும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக இருத்தல் வேண்டும். உதாரணமாக, இரட்டை டிரையோட் வால்வுகள் பன்னிரண்டு கொண்ட சிறு வாத்தியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இ.ஸி.ஸி. 83, இ.ஸி.ஸி. 82 ஆகிய வகைகள் இன்றும் கிடைப்பன. இவை ஒவ்வொன்றின் ஹீட்டரும் 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் உட்கொள்ளும், பன்னிரண்டுக்கு 3.6 ஆம்பியர். தகடுகளுக்கென்று சுருதிப் பகுதியில் 14 மில்லி ஆம்பியரும், வடிகட்டி, பெருக்கி முதலிய ஏனைய பகுதிகளில் 30 மில்லி ஆம்பியரும் போதுமென்று கொள்வோம்.

இக்கணக்குக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் பழைய ரேடியோவில் அகப்படுவது அரிது. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர இயலுமென்று அறிவித்த காலத்து ரேடியோவுக்கும், பன்னிரண்டு வால்வு வாத்தியத்துக்கும் பசி வேறு. ஆகவே டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருவோரிடம் அளவு கூறிப் புதிதாகச் சுற்றுவித்தலே தக்கது. கூறவேண்டிய அளவு: முதற்சுற்று 230 வோல்ட்; உயர் அழுத்தச் சுற்று நடுமுனையின் இருபுறமும் 350 வோல்ட், 120 மில்லி ஆம்பியர்; ஹீட்டர் சுற்று 6.3 வோல்ட், 4 ஆம்பியர். ரெக்டிபயர் வால்வுக்கென்று தனியே 6.3 வோல்ட், 1 ஆம்பியர். மொத்தத்தில் 100 வோல்ட்-ஆம்பியர் தாங்கும் இரும்பு வேண்டும். முதற்சுற்றுக்கும் ஏனையவற்றுக்கும் நடுவே ஒரு செப்புத் தகட்டை வைத்து, அதனைப் பூமியோடு இணைக்கும்படி கேட்டுக்கொள்ள மறவற்க. அத்தகட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடலாகாது. தொட்டால் அதுவே குறுக்குப் பிணைந்த ஒரு சுற்றாகி வெந்துபோம். யந்திரங்களின் இரைச்சலில் பெரும்பகுதியை இத்தகடு வாயிலிலேயே தடுத்துவிடும். இது கூடாத இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த வால்வு வாங்கியும் பயனில்லை யென்பது எமது துணிபு.

இனி, முன்னும் பின்னும் மாறியோடும் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்தல் வேண்டும். இ.ஜெட். 81 என்னும் ரெக்டிபயர் வால்வு இதனைச் செய்யும். இரண்டு காசுக்கு ஸிலிக்கன் டையோட் கிடைக்கும்போது வால்வு எதற்கு என்று கேட்பாருண்டு. டையோட் ஸ்விச்சைத் தட்டிய கணமே முழு அழுத்தத்தையும் தந்துவிடும்; ஏனைய வால்வுகள் சூடேறி ஓட்டத்தை ஏற்கப் பத்துப் பதினைந்து விநாடியாகும்; அதுவரை கண்டென்ஸர்களின் மீது உச்ச அழுத்தம் முழுதும் நிற்கும். இ.ஜெட். 81 தானும் மெல்லவே சூடேறுதலால் அத்தகைய தாக்குதல் தணிகிறது. டையோட்டே வேண்டுமென்பார் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1000 வோல்ட் தாங்குவதை இரண்டிரண்டாகத் தொடுத்தல் வேண்டும். 350 வோல்ட்டின் உச்சி 495. நடுமுனைச் சுற்றில் அதன் இருமடங்காகிய 990 வோல்ட் அவற்றின் மேல் எதிர்முகமாக விழும். அழுத்தம் சற்று ஏறினாலும் ஒற்றை டையோட் தாங்காது.

இவ்வாறு திசை திருத்தப்பெற்ற மின்சாரம் ஒழுகும் மின்சாரமன்று; துடிக்கும் மின்சாரம். கொங்குநாட்டுத் தோட்டங்களில் முன்னாளில் எருதுகள் பூட்டிக் கவலை யிறைத்ததைக் கேள்வியுற்றோர் இதனை எளிதில் உணர்வர். சால் மேலே வந்து கவிழும்போது நீர் குபீரென்று கொட்டும். அடுத்த சால் வருமளவும் நீரில்லை. ஆயினும் தொட்டியில் விழுந்த நீர் வாய்க்காலில் ஓரளவு சீராகவே ஓடும். ஈண்டு விநாடிக்கு நூறு சால் கவிழ்கின்றன, தொட்டியாவது கண்டென்ஸர். வாய்க்காலின் நீளமும் கனமும் போல ஓட்டத்தின் திடீர் மாறுதலை எதிர்ப்பது சோக் என்னும் இரும்புச் சுருள். அதற்கப்பால் இரண்டாவது தொட்டியாக மற்றொரு கண்டென்ஸர். முதற் கண்டென்ஸர் 34 மைக்ரோபாரட் ஆயின், 65 மில்லி ஆம்பியர் ஓடும்போது அதன்மேல் ஏறத்தாழ 19 வோல்ட் அளவு அலை எஞ்சும். 10 ஹென்றி சோக்கும் 50 மைக்ரோபாரட் இரண்டாம் கண்டென்ஸரும் அதனை ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காக்கி, வோல்ட்டில் பத்திலொரு பங்குக்குக் கொணர்ந்துவிடும். கடைகளில் எளிதிற் கிடைக்கும் கண்டென்ஸர்கள் 450 வோல்ட் தாங்குவன. நம் உச்சியோ 495, மின்சாரம் மிகுந்த இரவில் 545 வரை ஏறும். ஆகையால் 68 மைக்ரோபாரட் இரண்டைத் தொடராக வைத்து 34 ஆக்குக. 100 இரண்டைத் தொடராக வைத்து 50 ஆக்குக. ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம் தடை ஒன்று இருத்தல் அவசியம். அத்தடைகள் அழுத்தத்தை இரண்டுக்கும் சமமாகப் பங்கிடும். மற்றொரு தொண்டும் செய்யும், அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இப்போது நம்மிடம் ஏறத்தாழ 400 வோல்ட் நேர்மின்சாரம் உளது. அலை அடங்கிற்றே யன்றி, ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அடங்கவில்லை. சுருதிப் பகுதியைக் காப்பதற்கு ஓ.ஏ. 2, ஓ.பி. 2 என்னும் வாயுக் குழாய்களை அமைப்போம். இவற்றில் சூட்டிழை கிடையாது. உள்ளே அடைபட்ட வாயு மங்கிய ஒளியோடு எரியும்போது, தன் ஊடே செல்லும் ஓட்டம் 5 மில்லி ஆம்பியராயினும் 30 ஆயினும், முதலாவது 150 வோல்ட்டையும் இரண்டாவது 108 வோல்ட்டையும் ஏறக்குறைய மாறாமல் பிடித்து நிற்கும். தொடராக வைத்தால் 258 வோல்ட். சுருதி வால்வுகள் குறைவாக உண்டால் குழாய்கள் மிகுதியாக உண்ணும். அவை மிகுதியாக உண்டால் இவை குறைத்துக்கொள்ளும்.

மாணாக்கர் பெரிதும் இடறுமிடம் இதுவே யாதலால், கணக்கைச் சற்று விரித்துரைப்போம். வீணாவானேன் என்று எண்ணி, 258-ஐ விடச் சற்றே மிகுந்த 340 வோல்ட்டிலிருந்து இதனை இறக்குவதாகக் கொள்க. இடையிலுள்ள தடை 3300 ஓம் ஆயின், 82 வோல்ட் வித்தியாசத்தில் ஏறத்தாழ 25 மில்லி ஆம்பியர் ஓடும். அதில் 14 சுருதி வால்வுகளுக்கு, 11 குழாய்களுக்கு. எல்லாம் செம்மையாகத் தோன்றும். ஆனால் பகலில் ஊர் மின்சாரம் நூற்றுக்குப் பத்து வீழ்ந்து 207 வோல்ட்டாகும்போது, 340 என்பது 306 ஆகும், வித்தியாசம் 48, ஓட்டம் பதினான்கரை. குழாய்களுக்கு எஞ்சுவது அரை மில்லி ஆம்பியர், அவை அணைந்துபோம், சுருதி காவலின்றி அலையும். தடையைக் குறைத்து 2200 ஓம் ஆக்கினாலோ, இரவில் 253 வோல்ட் வரும்போது குழாய்களின் ஊடே 38 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடி அவற்றைக் கெடுக்கும். எந்தத் தடையைத் தேர்ந்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். 400 வோல்ட்டிலிருந்து இறக்குவோமாயின் கதையே வேறு. தடை 4700 ஓம். பகலில் 360 வோல்ட், குழாய்களுக்கு 7.7 மில்லி ஆம்பியர். இரவில் 440 வோல்ட், குழாய்களுக்கு 24.7 மில்லி ஆம்பியர். இரண்டும் எல்லைக்குள் அடங்கின. தடையில் 7 வாட் வரை வெறும் சூடாகக் கழியும். ஆதலால் 20 வாட் தாங்கும் கம்பிச்சுற்றுத் தடையை வைத்தல் வேண்டும். அவ்வெப்பம் வீணன்று, சுருதியின் நிலைபேற்றுக்கு நாம் கொடுக்கும் விலை அது. அன்றியும் எஞ்சியிருந்த அலையும் இக்குழாய்களிடத்தே மேலும் இருபது பங்கு அளவு குறைந்து, சில மில்லிவோல்ட் ஆகிவிடும்.

ஏனைய பகுதிகளுக்கு இவ்வளவு கட்டுக்காவல் தேவையில்லை. 3300 ஓம் தடையொன்றும் கண்டென்ஸரும் கொண்டு 300 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளலாம்.

வாயுக் குழாயின் குறுக்கே பெரிய கண்டென்ஸரை வைத்தால் இன்னும் சீராகுமே என்று எவருக்கும் தோன்றும். அதுதான் கூடாது. 0.1 மைக்ரோபாரட்டுக்கு மிஞ்சினால், கண்டென்ஸர் நிறைவதும், குழாய் பற்றிக்கொள்வதும், கண்டென்ஸர் வெறுமையாவதும், குழாய் அணைவதுமாக மாறிமாறி நிகழ்ந்து, காவலனே பாடத் தொடங்கிவிடுவான். வேடிக்கை என்னவெனில், ஜெர்மனியில் பிரீட்ரிக் டிராவுட்வைன் என்பவர் 1930-ல் வெளியிட்ட டிராவுட்டோனியம் என்னும் வாத்தியத்துக்கு இதே குணம் நாதமூலமாயிற்று. நியான் குழாயின் பற்றுதலும் அணைதலுமே அதன் குரல்.

அடுத்து, ரீங்காரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். திசை திருத்திய மின்சாரத்தின் அலை விநாடிக்கு 100. அதன் மேற்ஸ்தாயி 200. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்மணியின் ஸட்ஜமோ விநாடிக்கு 196. ரீங்காரம் மிகச் சிறிதே எஞ்சினும், 196-ம் 200-ம் மோதி விநாடிக்கு நான்கு முறை அலையடிக்கும். ஐந்தரைக் கட்டைக்கு மாறினாலும் 208-ஐ ஒட்டி நிற்பதால் இசையாது. மின்சார இலாகாவின் ஸட்ஜம் நம் கட்டைகளில் எதற்கும் பொருந்தாதென்க. ஆகவே ரீங்காரத்தை அடியோடு ஒடுக்குவதே வழி. ஹீட்டர் கம்பிகள் இரண்டையும் முறுக்கிப் பெட்டியின் மூலையோரமாக ஓட்டுக. ஹீட்டர் சுற்றின் நடுமுனையைப் பூமியோடு சேர்க்காமல், 400 வோல்ட்டிலிருந்து 330 கிலோ ஓம், 39 கிலோ ஓம் தடைகளால் பிரித்தெடுத்த 42 வோல்ட்டோடு சேர்த்தால், சூட்டிழையினின்று கேதோடுக்குக் கசியும் ரீங்காரம் பெரும்பாலும் நின்றுவிடும். தரைக் கம்பிகள் யாவும் ஓரிடத்திலேயே கூடுதல் வேண்டும். அவ்விடம் இரண்டாம் கண்டென்ஸரின் கீழ்முனையாயிருப்பது சிறந்தது.

இனிக் கூறப்போவதை அசட்டை செய்வார் இவ்வேலையில் இறங்கலாகாது. ஐந்து வோல்ட்டில் இயங்கும் தற்காலக் கருவிகளில் கைபழகிய மாணாக்கன், கம்பியை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கமுடையவன். இங்கே தொட்டால் உயிருக்கே அபாயம். ஸ்விச்சை அணைத்து, செருகியைப் பிடுங்கிய பின்னும் கண்டென்ஸர்களில் 495 வோல்ட் வரை தேங்கி நிற்கக்கூடும். மேலே சொன்ன 220 கிலோ ஓம் தடைகளின் இரண்டாவது தொண்டு அத்தேக்கத்தை வடித்தல். 50 வோல்ட்டுக்கு இறங்க ஏறத்தாழ முக்கால் நிமிஷம் பிடிக்கும். அதுவும் தடைகள் பழுதின்றி யிருந்தால். தடை ஒன்று அறுந்திருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். ஆகையால் காத்திருந்தும் நம்பாமல், மீட்டரால் அளந்து, நீண்ட பிடியுள்ள 2200 ஓம் கம்பிச்சுற்றுத் தடையால் தரையோடு தொட்டு வடித்து, மறுபடியும் அளந்த பின்னரே உள்ளே கைவைக்கலாம். மின்சாரம் ஓடும்போது அளக்கவேண்டி வந்தால் இடக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இருந்தது. இரு கைகளின் வழியே மின்சாரம் பாய்ந்தால் அது இருதயத்தைக் கடந்து செல்லுமாதலின் அவ்வழக்கம் போற்றத்தக்கது. இரும்புப் பெட்டி மூன்றுமுனைச் செருகியின் பூமிக் கம்பியோடு திருகாணியால் இறுக இணைந்திருக்க வேண்டும். முதற்சுற்றுக்கு 1 ஆம்பியர், உயர் அழுத்தச் சுற்றின் நடுமுனைக்கு 250 மில்லி ஆம்பியர் பியூஸ் இடுக.

பழைய ரேடியோக்களைப் பிரித்து வேலை பழகுவோர்க்கு மற்றோர் எச்சரிக்கை. ஏ.ஸி., டி.ஸி. இரண்டிலும் ஓடுவதற்கென்று செய்த ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. அவற்றின் இரும்புச் சட்டமே ஊர் மின்சாரத்தின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கும். செருகியைத் திருப்பி மாட்டினால் சட்டம் முழுதும் 230 வோல்ட்டில் நிற்கும். அவ்வமைப்பைச் சிக்கனம் கருதி வாத்தியத்துக்குக் கைக்கொள்வது தற்கொலைக்கு ஒப்பாகும். வாசிப்பவன் விரல் எப்போதும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டே யிருக்குமன்றோ?

எல்லாம் பூட்டியபின் முதன்முதல் மின்சாரம் விடும் முறை: வாத்தியத்தை இணையாமல், 6800 ஓம், 50 வாட் தடையொன்றைச் சுமையாக வைத்து, ரேடியோ பழுது பார்ப்போர் கையாளும் 100 வாட் சீரீஸ் லாம்ப்பின் வழியே மின்சாரத்தைச் செலுத்துக. பல்பு ஒருகணம் எரிந்து மங்குமாயின் பெருங்குற்றம் ஏதுமில்லை. முழு ஒளியோடு நின்று எரிந்தால் உடனே அணைத்து, எங்கே குறுக்குப் பிணைந்த தென்று தேடுக. பிறகு பல்பை நீக்கி நேரே இணைத்து, 400 வோல்ட் அளவு நிற்கிறதா, வாயுக் குழாய்கள் இரண்டும் ஒளிர்கின்றனவா என்று பார்க்கவும். ஒளிராவிடில் சுருதிப் பகுதிக்குக் காவல் இல்லையென்று பொருள். அடுத்து வாத்தியத்தை இணைத்து, அரைமணி நேரம் சூடேறவிட்டு, தம்பூராவோடு ஸட்ஜத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துப் பின்னல் யந்திரங்கள் வேலை தொடங்கும் காலை நேரத்திலும், அவை ஓய்ந்த இரவிலும் ஒருமுறை அதே ஸட்ஜத்தைத் தம்பூராவோடு வைத்துக் கேட்டு, இரு வேளைகளிலும் வாயுக் குழாய்களின் ஓட்டத்தை மீட்டரால் அளந்து குறித்துக்கொள்க. 5-க்குக் கீழும் 30-க்கு மேலும் போகாதிருந்தால் 4700 ஓம் தடையை அப்படியே விட்டுவிடலாம்.